பாம்பன் கரையிலிருந்து, ஒன்பது நாள் தாமதமாக

பாம்பன்,
ஐப்பசி 9

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ கோபமாக இருக்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். நியாயமான கோபம்தான். குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்து, அக்னி தீர்த்தத்தில் நின்றபடி "மதியம் பாம்பனுக்கு வரட்டுமா, வீட்டில் இருப்பாயா?" என்று கேட்டிருக்கிறாய். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு ரயில் ஏறிவிட்டாய். உன் வண்டி புதுப் பாலத்தில் ஊர்ந்த நேரத்தில் நான் தெற்குவாடியில் நண்டு எடை போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம்கூடக் கேட்டது. நீ கேட்டதை நான் பார்த்தது ஒன்பது நாள் கழித்து.

அன்று என் வாட்ஸ்அப்பில் திறக்காமல் கிடந்த செய்திகள் 212. உன் பெயருக்கு மேலே ஒரு நகைக்கடையின் செய்கூலித் தள்ளுபடி, ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறேன் என்று ஒருவன், கடலோர மனை, மூட்டுவலித் தைலம், அதற்கும் மேலே என் அத்தை மகனின் இன்சூரன்ஸ். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் போன் மட்டும் யோக்கியமாகவா இருக்கும்? அதனால்தான் தாளை எடுத்தேன்.

ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் நாம் குடியிருந்த பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் நாம் அரட்டை அடித்த யாஹூ மெசஞ்சரின் அடியில் ஒரு விளம்பரப் பெட்டி மினுக்கிக்கொண்டே இருக்கும். நீதான் விண்டோஸின் அமைப்பெல்லாம் பதிந்திருக்கிற ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, அந்த விளம்பரத்தின் முகவரி இருந்த இடத்தை அழித்து வெறுமையாக்கினாய். பெட்டி வெள்ளையாகிப்போனதும் பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். இன்னொரு மெசஞ்சரான எம்எஸ்என்னுக்கு வேறு வைத்தியம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் விளம்பர சர்வரின் பெயருக்கு நேராக 127.0.0.1 என்று அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த முகவரியையே எழுதிவிடுவோம். விளம்பரத்தைத் தேடிப் போகிற மெசஞ்சர் தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். நான் கொஞ்சம் அவசரக்காரன். விளம்பரத்தை நீக்கித் தருகிறேன் என்று வந்த ஒரு துணை மென்பொருளைப் போட்டு, அது தன்னோடு பிரவுசரில் ஒட்டிக்கொள்கிற ஆறு டூல்பாரைக் கூட்டிக்கொண்டு வந்து, கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அந்த இரண்டு மெசஞ்சரும் இன்று இல்லை. எம்எஸ்என் 2013-இல் போனது, யாஹூ 2018-இல். ஆனால் யாஹூவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த இரண்டு பேர்தான் 2009-இல் வாட்ஸ்அப்பை ஆரம்பித்தவர்கள், தெரியுமா? யான் கூம், பிரையன் ஆக்டன். யாஹூவில் விளம்பரத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர்கள். விளம்பரம் கிடையாது, விளையாட்டு கிடையாது, வித்தை கிடையாது என்று ஆக்டன் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு கூமின் மேஜையில் ஒட்டியிருந்ததாம். வருடத்துக்கு ஒரு டாலர் வாங்கினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. 2014-இல் ஃபேஸ்புக் வாங்கியது. 2016-இல் அந்த ஒரு டாலரும் வேண்டாம் என்றார்கள். அப்போது நாம் சந்தோஷப்பட்டோம். அதே அறிவிப்பில், கம்பெனிகள் உங்களோடு பேச வழி செய்யப்போகிறோம் என்றும் ஒரு வரி இருந்தது. யார் படித்தோம்? 2025 ஜூனில் ஸ்டேட்டஸுக்கு நடுவே விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள்.

சரி, கதை போதும். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். வலையில் சிக்கிய பாசியை உதறுகிற மாதிரி ஒவ்வொன்றாக உதறினேன்.

முதலில் கம்பெனிக்காரர்கள். நகைக்கடை, கடன்காரன் இவர்களை வெறுமனே டெலிட் செய்துகொண்டிருந்ததுதான் இத்தனை நாள் நான் செய்த முட்டாள்தனம். நாளைக்கே திரும்ப வருவார்கள். பெயரைத் தொட்டு உள்ளே போய் பிளாக் செய்ய வேண்டும், கூடவே ரிப்போர்ட்டும் கொடுக்க வேண்டும். சிலரின் செய்தியிலேயே, சலுகைகளை நிறுத்து என்கிற மாதிரி ஒரு வழி இருக்கிறது. பில் அனுப்புகிற கடை என்றால் அது போதும், முழுதாகத் தடுக்க வேண்டியதில்லை. மொத்தமாக விளம்பரம் அனுப்புகிற கம்பெனி அதற்கு வாட்ஸ்அப்பிடம் காசு கட்டுகிறது. நிறையப் பேர் தடுத்தால் அந்த எண்ணின் தரம் இறங்கும், அனுப்புவதற்கும் கட்டுப்பாடு வரலாம். ஆகவே நம் ஒரு பிளாக்குக்கு மரியாதை உண்டு.

அப்புறம், யார் யாரோ நம்மை குரூப்பில் சேர்ப்பது. செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் குரூப்ஸ். எல்லாரும் என்று இருந்ததை என் கான்டாக்ட்ஸ் மட்டும் என்று மாற்றினேன். அதே பிரைவசியின் கடைசியில் அட்வான்ஸ்டு என்று ஒன்று. தெரியாத எண்களிலிருந்து மழையாகக் கொட்டுவதைத் தடுக்கிற பொத்தான் அங்கே இருக்கிறது. படமும் வீடியோவும் தானாக இறங்குவதையும் ஸ்டோரேஜ் பக்கத்தில் நிறுத்தினேன். இதற்கெல்லாம் சேர்த்து அரை மணி நேரம்தான் ஆனது. ஸ்டேட்டஸ் விளம்பரத்துக்கு மட்டும் ஒரே அடியாக அணைக்கிற பொத்தான் கிடையாது. வருவதை ஒவ்வொன்றாக மறைக்கலாம். நான் அந்தப் பக்கமே போவதில்லை. நாம் தனித்தனியாகப் பேசிக்கொள்கிற இடத்துக்குள் அது வருவதில்லை, அந்த மட்டும் நிம்மதி.

விளம்பரமே வேண்டாம் என்று 1909-க்கு START 0 அனுப்பி வைத்திருக்கிறேனே என்பாய். நானும் வைத்திருக்கிறேன். அது எஸ்எம்எஸ்ஸுக்கும் போன் அழைப்புக்கும்தான். வாட்ஸ்அப்பில் வருகிறவன் அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். என் அக்கா மகன் குறுக்கு வழி பார்த்தான். விளம்பரமே வராது என்று எவனோ திருத்திக் கொடுத்த ஒரு போலி வாட்ஸ்அப்பைப் போட்டான். கொஞ்ச நாளில் கணக்கையே முடக்கிவிட்டார்கள். ஆறு டூல்பார் மாமாவின் மருமகன் அல்லவா.

ஆனால் மாப்ள, இதெல்லாம் லேசான வேலை. அத்தை மகனை என்ன செய்வது? நகைக்கடையைப் பிளாக் செய்தால் நகைக்கடைக்கு வருத்தமில்லை. இவனைப் பிளாக் செய்தால் அடுத்த கல்யாணத்தில் அத்தை என்னிடம் பேசாது. அன்று கிடந்த 212-ஐ எண்ணிப் பார்த்தேன். முன்பின் தெரியாத கம்பெனி அனுப்பியது பாதிகூட இல்லை. மீதி எல்லாம் நமக்கு வேண்டியவர்கள். கூடப் படித்தவன் மனை விற்கிறான், சம்பந்தி வீட்டார் தைலம் விற்கிறார்கள், ஊர் குரூப்பில் கறி மசாலா. மெசஞ்சரில் விளம்பரம் ஒரு பெட்டிக்குள் இருந்தது, பெட்டியை உடைத்தோம். இப்போது அது மனுசன் மேல் ஏறி வருகிறது. அதற்கு ரெஜிஸ்ட்ரியும் கிடையாது, ஹோஸ்ட்ஸ் கோப்பும் கிடையாது. அத்தை மகனை மியூட் போட்டு ஆர்கைவில் தள்ளிவிட்டேன். புதிதாக எதை அனுப்பினாலும் அங்கேயே கிடக்கும், மேலே வராது. அவனுக்கும் தெரியாது. மரியாதையும் கெடாமல், காதும் வலிக்காமல் ஒரு ஏற்பாடு. கொஞ்சம் கள்ளத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சிரிக்காதே, இதில் பயப்படுகிற விஷயமும் ஒன்று இருக்கிறது. எங்கள் வாடியில் ஒரு குரூப் உண்டு. காற்று எப்படி, நாளைக்குக் கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்குமா கொடுக்காதா, ஹைதராபாத் இன்காய்ஸ் கடல் எச்சரிக்கை விட்டிருக்கிறதா, எல்லாம் அதில்தான் வரும். புரட்டாசியில் ஒரு ராத்திரி, டோக்கன் இல்லை என்கிற தகவல் செல்போன் கடைத் திறப்பு விழாவுக்கும் தீபாவளிச் சீட்டுக்கும் அடியில் புதைந்துபோனது. இரண்டு பேர் பார்க்காமல் விடியற்காலம் ஐஸ் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். ஐஸ் காசு போனது, அவ்வளவுதான். வள்ளத்தைத் தள்ளிவிட்டிருந்தால்?

நம் சின்ன வயதில் பாம்பன் துறைமுக ஆபீஸில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். அந்தக் கம்பத்தில் யாராவது ஜவுளிக்கடைத் தட்டியைக் கட்டியிருப்பார்களா?

மறுநாளே கூடிப் பேசினோம். காற்றுக்கும் டோக்கனுக்கும் தனி குரூப். அட்மின் மூன்று பேர், அவர்களைத் தவிர யாரும் அதில் எழுத முடியாதபடி அமைத்துவிட்டோம். பழைய குரூப்பில் சீட்டும் மசாலாவும் சௌகரியமாக நடக்கட்டும். சில பெரியவர்களுக்குக் கோபம், எங்கள் வாயைக் கட்டுகிறாயா என்று. இப்போது பழகிவிட்டது.

வேறு செயலிக்கே போய்விடலாமே என்பாய். அந்த ஆக்டன் பிறகு வாட்ஸ்அப்பை விட்டு வந்து, 2018-இல் சிக்னல் என்கிற செயலிக்கு 5 கோடி டாலர் கொடுத்தார். அதில் விளம்பரம் இல்லை. போட்டுப் பார்த்தேன், என் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். சோஹோ கம்பெனியின் அரட்டை என்கிற செயலியும் இருக்கிறது. பேர் நன்றாக இருக்கிறது, போன வருடமே போட்டேன், பெரிய மகளோடு அதில்தான் பேச்சு. ஆனால் கணவாய் விலை கேட்கிற வியாபாரி வாட்ஸ்அப்பில்தானே உட்கார்ந்திருக்கிறான். சந்தை எங்கே கூடுகிறதோ அங்கேதான் கூடையை இறக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் எல்லாரும் சுகம். மீன்பிடித் தடைக்கால 61 நாளில் வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது. நண்டு பரவாயில்லை, கணவாய்தான் ஏமாற்றுகிறது. வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டது. சின்னவன் உன்னைப்போலவே எந்த எந்திரத்தைக் கண்டாலும் திறந்து பார்க்கிறான், திரும்ப மூடத்தான் தெரியவில்லை.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் மூன்று பெயரை உச்சியில் குத்தி வைக்கலாம், எத்தனை வந்தாலும் அவை கீழே இறங்காது. முதலில் காற்று குரூப்பை வைத்தேன், இரண்டாவது மீன் கம்பெனி. மூன்றாவதாக உன்னை. அதைப் பார்த்துவிட்டு உன் தங்கச்சி, கட்டிய பெண்டாட்டிக்கு அதில் இடமில்லையா என்று இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நீ வந்து சமாதானம் சொல்லிவிட்டுப் போ. அடுத்த தடவை மெசேஜ் எல்லாம் வேண்டாம், வண்டி மண்டபம் தாண்டும்போது போன் அடி.

உன்,
ஆறு டூல்பார்