யாரை எழுதுவது என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

"எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் கதை எழுதுகிற அளவுக்கு யார் இருக்கிறார்கள் அப்பா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தாய். அதன்பிறகு உன் அழைப்பு வரவில்லை. அலுவலகத்தில் வேலை கூடியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

சஞ்சிகையில் வந்த உன் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் பெருமைதான். கதையில் வந்த வீடும் மனிதர்களும் கொழும்பைச் சேர்ந்தவர்கள். உன் பெயருக்குக் கீழேயும் கொழும்பு என்றே அச்சிட்டிருந்தார்கள். நீ அங்கேதானே இருக்கிறாய், அதில் பிழையில்லை.

முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தனை நீ அறிவாய். 1940 ஜனவரியில், வேலைநிறுத்தக் காலத்தில், பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர். அதை விசாரிக்க ஆணைக்குழு அமைத்தார்கள். அந்தச் சர்ச்சையில் அமைச்சர்களே பதவி விலகினார்கள். ஆனால் அவர் எத்தனை மணிக்கு எழுந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனார், எந்தத் தேயிலை மலையில் நின்றார், பொழுது சாய்ந்து வரிசை வீடான லயத்தில் தன் காம்பராவுக்குத் திரும்பியபின் யாரோடு என்ன பேசினார் என்பதை நான் கேட்ட எந்த மேடையிலும் ஒருவரும் சொன்னதில்லை. எழுதுகிறவருக்கு வேண்டியது அதுதானே, மகள்.

கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். பெரிய மனிதர்களோடு பழகிய அவர், கொழுந்தெடுக்கும் பெண்களின் வாயிலிருந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடிச் சேகரித்தார். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், தொழிலாளர்களின் காதுக்குப் பழகிய மெட்டுகளிலேயே பாட்டுக் கட்டி, தோட்டம் தோட்டமாகப் பாடினார். யாரும் பெயர் எழுதி வைக்காத மனிதர்களிடமிருந்துதான் இவர்களுக்கு எழுத்து வந்தது. கேட்டார்கள், எழுதினார்கள். நீயும் கேட்டு எழுது.

லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் இருக்கும் பெரியம்மாவை நினைத்துப் பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். கொழுந்து நிறுக்கையில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்துக்கொண்டே போனதைப் பார்த்து, ஒவ்வொரு நிறுவைக்கும் முந்தானையில் முடிச்சுப் போட்டு வைத்து, சம்பள நாளன்று செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுக்கு முன்னால் நின்று அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கணக்குக் கேட்டவர். அந்த மாதம் அவருக்கு விழுந்த அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளக் கணக்கு, மாறவில்லை. அடுத்த மாதமும் முடிச்சுப் போட்டார். அதே பெரியம்மாதான், தன் மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார். தண்ணீர் பிடிக்கும் பீலித் தகராறில் உன் அம்மாவை என்னென்ன பேசினார் என்பதும் உனக்குத் தெரியும். அவரைத் தெய்வமாக்கி எழுதினால் நான் வாசிக்கமாட்டேன். முடிச்சை எழுதும் கையே அந்தப் பிள்ளையின் துணிமூட்டையையும் எழுத வேண்டும்.

உன்னிடம் ஊர் எதுவென்று கேட்பவர்களுக்கு நீ என்ன பதில் சொல்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. எழுதும்போது மட்டும் லயத்தின் பெயரை மாற்றாதே. வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே.

பெரியம்மாவுக்கு இந்த மழையில் நெஞ்சுச் சளி கூடிவிட்டது. தீபாவளிக்கு நீ வராதபோதும் கேட்டார், நேற்றும் கேட்டார். நானே அவரிடம் விவரம் கேட்டு எழுதி அனுப்பலாம் என்று பார்த்தேன். வாத்தியார் என்ற மரியாதையில் எனக்குப் பாதியைத்தான் சொல்கிறார், அந்த மகளின் பேச்சு வந்தால் வாயைத் திறப்பதில்லை. உன்னிடம் சொல்வார். சின்ன வயதில் அவர் மடியில் கிடந்தவள் நீ.

வரும் பௌர்ணமிப் போயா விடுமுறையோடு ஒரு நாள் லீவு போட்டால் போதும். இரவு ரயிலில் ஏறினால் விடிவதற்குள் தலவாக்கலையில் இறங்கலாம். என்றைக்கு வருகிறாய் என்பதை முன்கூட்டியே சொல். ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா