பண்டிகைக்குக் கலர் கோழிக்குஞ்சு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி தொடங்கிப் பொங்கல் முடிய ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் அட்டைப்பெட்டியில் கலர் கோழிக்குஞ்சு வந்து இறங்கிவிடுகிறது. கோயில் திருவிழா, சந்தனக்கூடு, மாதா கோயில் தேர் எதுவும் பாக்கி இல்லை. பிள்ளை ஆசைப்படுகிறது, விலையும் மலிவு, வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குஞ்சு செத்துப்போகிறது. 'நமக்குக் கைராசி இல்லை' என்று பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் என்ற முறையில் உண்மைக் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அவை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் அல்ல. முட்டைப் பண்ணைகளுக்காகக் குஞ்சு பொரிக்கும் இடங்களில், பொரித்த அன்றே பெட்டையையும் சேவலையும் பிரித்துவிடுவார்கள். சேவல் முட்டையிடாது, கறிக்கோழி மாதிரி எடையும் ஏறாது. அப்படி ஒதுக்கப்பட்ட சேவல் குஞ்சுகளைத்தான் சாயத்தில் நனைத்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். நனைந்த மயிர் உடம்புச் சூட்டைக் காக்காது. முதல் குளிர் அங்கேயே பிடித்துவிடுகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. முட்டைக்குள் மிஞ்சிய மஞ்சள்கரு, பொரிக்கும் நேரத்தில் குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். அதை வைத்தே இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாங்கும். கடையில் துறுதுறுவென்று ஓடுவது அதனால்தான். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கையிருப்பு தீர்கிறது. தின்னவும் குடிக்கவும் பழகாத குஞ்சு விறைத்துச் சாய்கிறது.

காலமும் பொல்லாத காலம். நம் கரைக்கு மழை தருவதே வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரம், அதன்பின் பொங்கல் தாண்டியும் வாடைக்காற்று. முதல் வாரக் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். கடலோரத்தில் மார்கழி இரவு நமக்கு இதமாக இருக்கும். குஞ்சுக்கு அது 20 டிகிரி குறைவு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கைவிட வேண்டாம், கவனித்தால் பிழைக்கும். இரண்டடி அகல அட்டைப்பெட்டியில் இரண்டு அங்குலம் உமி பரப்பி, முதல் இரண்டு நாள் மேலே சாக்குத்துணி விரியுங்கள். இல்லாவிட்டால் உமியைத் தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும். செய்தித்தாள் மட்டும் போட்டால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துவிடும்; உடனே கவனிக்காவிட்டால் அப்படி விரிந்த கால் தேறுவது கடினம். மேலே ஒன்றேகால் அடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டு 'விளக்கு எரிந்தும் செத்துவிட்டதே' என்கிறவர்கள் பலர். அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர்கிறது, விளக்கை இறக்குங்கள். ஓரத்தில் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம்; ஏற்றுங்கள். மழைக்குக் கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள், ஆற ஆற மாற்றுங்கள்.

தண்ணீரில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள். கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பெரிய கோழி ஓரளவு தாங்கும். குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. கழிச்சல் தண்ணீராகப் போகும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டில் குடிக்கக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் தண்ணீரையே கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். இரண்டு குஞ்சுக்கு ஒரு டம்ளர் போதும். தட்டையான மூடியில் ஊற்றி, நடுவே கூழாங்கற்களைப் போட்டால் விழுந்து நனையாது. வந்தவுடன் அலகை ஒருமுறை தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள், தானே கற்றுக்கொள்ளும். இதே காரணத்துக்காக உப்புக் கருவாட்டுத் தூளையும் போடக் கூடாது. கருவாடு சத்துதான், ஆனால் அதிலுள்ள உப்பு குஞ்சுக்கு விஷம்.

தீனிக்குக் குருணை மட்டும் போதாது. குஞ்சுக்கு நூற்றுக்கு 20 பங்கு புரதம் வேண்டும்; அரிசியில் அதில் பாதிகூட இல்லை. கோழித்தீவனக் கடையில் குஞ்சுத் தீவனம் என்று கேட்டு வாங்குங்கள். முதல் வாரம் நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் தின்னும். எட்டு வாரத்துக்கு ஒரு குஞ்சுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ ஆகும். குஞ்சின் விலையைவிடத் தீவனத்துக்குக் கூடுதலாகச் செலவாகும் என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டும். ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் பிய்க்காதீர்கள், தோலோடு வரும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்தது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்லும் அதே நோய்தான். தடுப்பு மருந்து பார்க்காத கடைக்குஞ்சு அதைக் கொண்டுவந்து, கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிகளுக்குக் கொடுத்துவிட்டால், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, ஒரு வாரத்தில் கூடே காலியாகும். முட்டையும் சேவலும் விற்றுப் பள்ளிச் செலவைப் பார்க்கும் பெண்களுக்கு அது சின்ன நஷ்டமல்ல. ஆகவே புதுக் குஞ்சை மூன்று வாரமாவது பழைய கோழிகள் பக்கம் விடாதீர்கள். புதுக் குஞ்சின் பெட்டியில் வேலை செய்துவிட்டு அதே கையோடும் காலோடும் பழைய கோழிகளிடம் போகாதீர்கள். இந்த நோய்க்கான தடுப்பு மருந்துகள் இரண்டு: ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஆர்2பி ஊசி. சிக்கல் என்னவென்றால், மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல் போடும் அளவில்தான் வரும்; கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். இரண்டு குஞ்சுக்காக யாரும் குப்பியைத் திறக்க மாட்டார்கள். தெருவில் உள்ள கோழிகளை ஒன்றுசேர்த்துக் கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்பதுதான் வழி.

பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும். பார்க்க நலமாயிருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் கையில் குஞ்சைக் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் தொட்டவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுக்கக் கூடாது, பெட்டியை அடுப்படியில் வைக்கக் கூடாது.

மற்ற உயிர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனைமரப் பொந்திலிருந்து எடுத்து விற்கும் பச்சைக்கிளிக் குஞ்சை வாங்குவதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம். கட்ட ஆமையும் (முதுகில் நட்சத்திரக் கோடுள்ளது) மன்னார் வளைகுடாக் கடல்குதிரையும் அதே சட்டத்தில்தான் வருகின்றன. மீன்தொட்டிக் கடையில் ரூபாய்க் காசளவில் விற்கும் சிவப்புக்காது ஆமை ஒரு சாண் தாண்டி வளரும், இருபது ஆண்டுக்கு மேல் வாழும். சலித்துப்போய் அதை ஊருணியில் விடுகிறார்கள். குடிக்கும் தண்ணீரைக் கெடுப்பதோடு, அங்குள்ள மீன்குஞ்சையும் தவளையையும் அது தின்று தீர்க்கும்.

நகராட்சிகளும் ஊராட்சிகளும் திருவிழாக் கடைகளை ஏலம் விடும்போது, உயிருள்ள எதையும் பரிசுப்பொருளாக விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். மூச்சுமுட்ட அடைத்து, பட்டினி போட்டு விற்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி ஏற்கெனவே குற்றம். காவல்துறை அதைக் கையில் எடுத்தால் போதும். பொங்கல் முடிந்த வாரம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துக்கென்று ஒரு நாளைக் கால்நடைத் துறை கடலோர ஊர்களில் அறிவிக்க வேண்டும்.

பிள்ளைக்கு உண்மையிலேயே கோழி வளர்க்கும் ஆசை இருந்தால், வாடை அடங்கட்டும். தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் அக்கம்பக்கத்தில் அடைக்கு உட்காரும் நாட்டுக்கோழி ஒன்றைக் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாத முட்டை பத்துப் பன்னிரண்டு வைத்து, ஏழாம் நாள் இரவு செல்போன் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். நரம்பு ஓடினால் கரு கட்டியிருக்கிறது. உள்ளே எதுவும் இல்லாமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் பொரியும். சூட்டைத் தாய்க்கோழியே பார்த்துக்கொள்ளும்; பிள்ளைக்குத் தண்ணீர் மூடியைக் கழுவி வைக்கிற வேலையும் காக்கை விரட்டுகிற வேலையும் இருக்கும்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்ப்போர் சிலர்,
பெரியபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.