சட்ட உதவி மையத்தின் பூட்டு: எங்கள் கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், சட்ட உதவி மையத்தின் பொறுப்புப் பேராசிரியர் அவர்களுக்கும் வணக்கம்.

செமஸ்டர் தேர்வு சமயத்தில் மையம் பூட்டிக் கிடந்ததும், அதை நம்பி வந்த ஒருவரின் வழக்கு, அவர் கோர்ட்டுக்குப் போகாததால் எக்ஸ்பார்ட்டி ஆனதும், பிறகு மாணவர்கள் சிலர் சேர்ந்து உங்களிடம் மனு கொடுத்ததும் நீங்கள் அறிந்தவை. மனு பரிசீலனையில் இருப்பதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள். பரிசீலனை எந்த மேஜையில் நடக்கிறது என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே பொதுவில் எழுதுகிறேன். கோரிக்கை அதே பழைய கோரிக்கைதான். கல்லூரிக்கு விடுமுறை விட்டாலும் சட்ட உதவி மையத்துக்கு விடுமுறை விடாதீர்கள். மையம் திறந்திருக்கும் நேரத்தில் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரை அங்கே உட்கார வையுங்கள்.

மையத்தை நம்பி வந்த அந்த அக்கா யார், எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறவர். வட்டிக்கு முப்பதாயிரம் வாங்கியபோது, தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வழக்கில் அந்தத் தொகை ஒன்றரை லட்சமாகியிருந்தது. சம்மன் வந்த வாரத்திலேயே, மகளிர் இலவசப் பேருந்தில் டவுனுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து நம் கல்லூரிக்கு வந்துவிட்டார். வாசலில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸில் ‘இலவச சட்ட உதவி மையம்’ என்ற எழுத்து சாலையிலிருந்தே தெரியும் அளவுக்குப் பெரிது. அறை பூட்டியிருந்தது. ‘பரீட்சை முடிஞ்சு, லீவும் முடிஞ்சு வாங்கம்மா’ என்று காவலாளி அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாவி அலுவலகத்தில், அலுவலகத்துக்கும் அன்று அரை நாள்.

அக்கா சொன்னபடியே செய்தார். தேர்வும் விடுமுறையும் முடியும்வரை காத்திருந்து, கல்லூரி திறந்ததும் வந்தார். ரேஷன் கார்டு, மின்கட்டண அட்டை எல்லாவற்றோடும் சேர்த்து அந்தச் சம்மனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை. அதில் போட்டிருந்த தேதி கடந்து போயிருந்தது. ‘அந்தத் தேதிக்குக் கோர்ட்டுக்குப் போனீங்களாக்கா?’ என்று கேட்டேன். ‘காலேஜ்ல கேட்டுட்டுப் போகலாம்னு இருந்துட்டேன் தம்பி’ என்றார். வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டதும் தெரிந்துவிட்டது. அவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் சொல்லியிருந்தார்கள்.

உங்களுக்கு நான் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நடத்தித்தான் நாங்கள் படித்தோம். ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உரிமையியல் வழக்கில் சம்மன் கைக்கு வந்த 30 நாளுக்குள் எதிருரை, அதாவது எழுத்தில் பதில், தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் மனம் வைத்தால் 90 நாள்வரை நீட்டிக்கலாம். ‘கையெழுத்து என்னுடையதுதான், தொகை நான் எழுதியதல்ல, கையில் வாங்கியது முப்பதாயிரம்தான்’ என்பதைச் சொல்ல வேண்டிய இடம் அந்த எதிருரை. கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது என்பதையும் அங்கேதான் சொல்ல வேண்டும். அப்புறம் இன்னொன்று: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12இன்படி பெண்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. அவர்களிடம் வருமானச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. வட்ட சட்டப்பணிகள் குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தால் அந்த அக்காவுக்காக வக்காலத்துப் போட ஒரு வழக்கறிஞர் செலவில்லாமல் கிடைத்திருப்பார். இதைச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, ‘தேதிக்கு மறக்காமல் போங்க’ என்று எழுதிக் காட்டி அனுப்ப அரை மணி நேரம் ஆகுமா? இரண்டாம் ஆண்டு மாணவர்கூடச் செய்யக்கூடிய வேலை.

எதிருரையில் முடிந்திருக்க வேண்டியதற்கு இப்போது தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு போட வேண்டியிருக்கிறது. அதற்கும் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு. நல்லவேளையாக சில நாட்கள் மீதமிருந்தன. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள பேனல் வழக்கறிஞர் ஒருவர் எடுத்து நடத்துகிறார். மனு ஏற்கப்பட்டாலும், டெபாசிட்டாக ஒரு தொகையைக் கட்டு என்று நீதிமன்றம் நிபந்தனை போடக்கூடும். அந்தப் பணத்துக்கு அவர் மறுபடி யாரிடம் போய் நிற்பார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

வாசலில் இருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் அன்று இதையெல்லாம் பேசினோம், ஏனென்றால் அன்றும் மையத்தின் சாவி கிடைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: ‘அமீனா வந்து மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா தம்பி?’

அமீனா என்றால் ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஊழியர். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கைவினைத் தொழிலாளியின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. தேர்வில் அந்தப் பிரிவுக்குச் சிறுகுறிப்பு வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் இருப்பார்கள். தையல் மெஷினை எடுக்க முடியாது என்று சொன்னதும் அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீயைக் குடித்தார். கோர்ட்டில் கேஸ் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பயத்தோடுதான் அவர் ஒவ்வொரு ரவிக்கையையும் தைத்திருக்கிறார். ஐந்து ஆண்டு படிப்பில் சட்டம் எதற்கு என்று எனக்கு விளங்கிய இடம் அந்த டீக்கடை பெஞ்ச்தான். மன்னிக்கவும், வகுப்பறை அல்ல.

இப்போது மையத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள், ஒரு பீரோ. பீரோ மேல் விளையாட்டுத் துறையின் கேரம் போர்டு. சுவரில் இலவச சட்ட உதவி பற்றிய அரசமைப்பின் 39ஏ உறுப்பு, அழகான சட்டகத்துக்குள். மேஜை மேல் வருகைப் பதிவேடு. அந்தப் பதிவேட்டில் ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய மாதங்களில் மட்டும் ஏகப்பட்ட பேர் ஆலோசனை பெற்றிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நீல மையில், ஏறத்தாழ ஒரே கையெழுத்தில். அதற்கப்புறம் பக்கங்கள் வெள்ளையாக இருக்கின்றன. மக்களுக்குச் சட்டப் பிரச்சினைகளே இல்லாமல் போய்விட்டது போலும்!

முகாம்கள் நடக்கின்றன, மறுக்கவில்லை. நவம்பர் 9 வந்துவிட்டால் பேரணி உண்டு. 1995இல் அதே தேதியில்தான் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பேனர் பிடிப்பது நாங்கள், பொன்னாடை போர்த்திக்கொள்வது சிறப்பு விருந்தினர்கள், மதியம் தக்காளிச் சாதம் பொட்டலம் எல்லோருக்கும். கிராமத்து முகாமில் ஒரு பெரியவர் பட்டா மாறுதல் பற்றி ஏதோ கேட்க எழுந்தபோது, ‘கேள்விகள் நிகழ்ச்சி முடிந்ததும்’ என்று மைக்கில் சொன்னார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் குழுப் புகைப்படம். புகைப்படம் முடிந்ததும் பேருந்து.

மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்கு நீங்கள் தரும் ஊக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கோப்பைகள் உங்கள் அறையில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் இல்லாத ஒரு நாட்டின் அரசமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் ‘மை லார்ட்’ போட்டு வாதாடப் பயிற்சி பெற்ற எங்களில் பலருக்கு ஒரு வக்காலத்தை எங்கே கையெழுத்து வாங்கி எப்படி நிரப்புவது என்று தெரியாது. மாவட்ட அளவு நீதிமன்றங்களில் சாட்சி சொல்வதும் மனு எழுதுவதும் பெரும்பாலும் தமிழில்தான் நடக்கின்றன. பிராதுக்கு, அதாவது வழக்குப் போட்டவரின் மனுவுக்கு, தமிழில் எதிருரை எழுத ஒரு வகுப்பும் எடுக்கப்படவில்லை. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, சரி. அந்த வாரங்களில் நாங்கள் என்ன செய்கிறோம்? சீனியரின் ஆபீஸில் ஜெராக்ஸ் எடுக்கிறோம், வாய்தா தேதி குறிக்கிறோம், கடைசியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு டைரியை ஒரே இரவில் எழுதி முடிக்கிறோம். நகரத்தில் உறவினர் வழக்கறிஞராக இருப்பவர்களுக்கு நல்ல அலுவலகம் கிடைக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு அந்த ஜெராக்ஸ் வேலைகூட எளிதில் கிடைப்பதில்லை.

சென்னையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்த சட்டக் கல்லூரியை 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றினார்கள். அதற்கான காரணங்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நம் கல்லூரியும் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு நடந்து போகும் தூரத்தில் சட்டக் கல்லூரி இருந்த காலம் போய்விட்டது என்றால், மக்களின் வழக்கு எங்களைத் தேடி வருகிற ஒரே இடம் இந்த மையம்தான். அதையும் பூட்டி வைத்தால் எப்படி? பேச்சு வேறெங்கோ போகிறது, மன்னியுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

மாணவர்களிடம் விட்டால் வழக்கைக் கெடுத்துவிடுவார்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான பயம். அதனால்தான் வழக்கறிஞர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்கிறோம். வழக்கறிஞராகப் பதிவு செய்யாதவருக்கும் ஒரு குறிப்பிட்ட வழக்கில் முன்னிலையாக நீதிமன்றம் அனுமதி தரலாம் என்று 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. வருகிறவர் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, சம்மனில் உள்ள தேதியைப் பார்ப்பது, சட்ட உதவி விண்ணப்பம் நிரப்புவது, தகவல் உரிமை மனு எழுதுவது, திங்கட்கிழமைக் குறைதீர் நாளுக்கு மனு தயாரிப்பது, பிள்ளைகள் கைவிட்ட பெரியவருக்குக் கோட்டாட்சியரிடம் கொடுக்க ஜீவனாம்ச மனு எழுதித் தருவது. இவற்றை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் கெடுவதற்கு என்ன இருக்கிறது? பூட்டிய கதவு கெடுத்த அளவுக்கு எந்த மாணவரும் கெடுத்துவிட முடியாது.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின் மூன்றாம் அட்டவணை, ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், இறுதியாண்டு மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி மையம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. சட்டப்பணி அமைப்புகளின் ஒத்துழைப்போடு, தன்னார்வ வழக்கறிஞர்களின் பட்டியலோடு. இறுதியாண்டு மாணவர்கள் நடத்தும் மையம் என்பதைக் கவனிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நானும் இறுதியாண்டுதான், சாவியைத்தான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவும் கல்லூரிகளில் இத்தகைய மையங்கள் அமைவதை ஊக்குவித்து மேற்பார்வை செய்யும் பொறுப்பை தேசிய ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. எனவே பேனல் வழக்கறிஞர் வேண்டும் என்று நீங்கள் மாவட்ட ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினால், இது என்ன புதுப் பழக்கம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1973இல் சட்ட உதவி குறித்து அறிக்கை தந்த குழுவின் தலைவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், மெட்ராஸ் சட்டக் கல்லூரியில் படித்தவர். அவர் படத்தை நம் நூலகத்தில் மாட்டியிருக்கிறோம்.

மாணவர்கள் தரப்பில் வேலைக்கு ஆள் இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. தேர்வு நாட்களில் எழுதுகிற ஆண்டு வேறு, எழுதாத ஆண்டு வேறு. காலையில் தாள் இருப்பவர் மதியம் வரலாம். உள்ளூரில் வீடு உள்ளவர்கள் விடுமுறையிலும் வரத் தயார். பெயர்ப்பட்டியல் எங்கள் மனுவோடு இணைத்திருக்கிறோம், இணைப்பைப் பிரித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். மையத்தில் வேலை செய்த நேரத்தை இன்டர்ன்ஷிப் வாரங்களில் கணக்கில் எடுத்துக்கொண்டால், டைரிக்காகச் சீனியர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்காது. தன்னார்வ அமைப்பு, உள்ளாட்சி என்று விதியில் இருக்கும் பட்டியல் தாராளமானது. ஆணைக்குழுவின் மேற்பார்வையில் நடக்கும் ஒரு மையத்தை அதில் அடக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் ஒரு விளக்கம் கேளுங்கள். முடியாது என்று வந்தாலும் பரவாயில்லை, நாங்கள் வருவோம்.

செலவு என்றால், அடுத்த நவம்பர் 9க்கு ஃப்ளெக்ஸை ஓர் அடி குறைத்துக்கொள்ளலாம். இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதிக் கேலி, பாதி யோசனை.

அடுத்த செமஸ்டர் தேர்வுக்கு அட்டவணை விரைவில் வந்துவிடும். அது வருவதற்கு முன்பே, தேர்வு வாரங்களிலும் விடுமுறையிலும் எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை மையம் திறந்திருக்கும், எந்த வழக்கறிஞர் இருப்பார், எந்த மாணவர்கள் இருப்பார்கள் என்பதை எழுதி வாசல் ஃப்ளெக்ஸுக்குக் கீழே ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆணைக்குழுவின் இலவசத் தொலைபேசி எண் 15100ஐயும் அதில் பெரிதாகப் போடுங்கள். சாவியின் ஒரு பிரதி காவலாளி அண்ணனிடம் இருக்கட்டும். யாராவது சம்மனோடு வந்தால் ‘லீவு முடிஞ்சு வாங்க’ என்று சொல்லக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். மனுவுக்கான பதிலை எழுத்தில் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
இறுதியாண்டு மாணவன், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு

நகல்: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர் அவர்களுக்கு, தகவலுக்காக.