எங்கள் வட்டாரத்தை அழித்துச் சபையைச் சுருக்காதீர்கள்

உள்ளூராட்சி அமைச்சுக்கும், எல்லை நிர்ணயப் பணியில் இருப்போருக்கும்,

வணக்கம்.

கொழும்பு மாநகர சபையில் இன்று 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 2011 தேர்தலில் தெரிவானவர்கள் 53 பேர்தான். இடையில் நகரம் இரு மடங்காகிவிடவில்லை, தேர்தல் முறைதான் மாறியது. ஆகவே, சபையில் ஆட்கள் கூடிப்போனார்கள், குறைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நானும் கை உயர்த்துவேன். சபைக்குச் சோலைவரி கட்டுகிற எவருக்கும் அந்த உரிமை உண்டு. எங்கே குறைக்கப் போகிறீர்கள் என்பதில்தான் என் பயமெல்லாம். அதனால்தான் எழுதுகிறேன்.

நாடு முழுவதும் இதே நிலைதான். சுமார் 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை 2018 தேர்தலோடு 8,000ஐத் தாண்டியது. அதை 4,000 ஆக்க வேண்டும் என்று 2022இல் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சொன்னார். தேர்தல் ஆணைக்குழுவின் முன்னாள் தலைவர் மஹிந்த தேசப்பிரிய தலைமையில் எல்லை நிர்ணயக் குழு ஒன்றும் போடப்பட்டது. அன்றிலிருந்து இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், வட்டாரங்களை ஒன்றோடொன்று சேர்ப்பதுதான் முதலில் வாயில் வருகிறது. வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்தால் ஓர் ஆள் குறைவார். சுலபமான வேலை. அந்தக் கோட்டுக்குள் குடியிருப்பவள் நான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், அதாவது சிறு வீடுகள் நெருங்கி நிற்கும் குடியிருப்பில், இருக்கிறோம். அறுபது வீட்டுக்கு இரண்டு பொதுக் குழாய். குழாயடியை ஒட்டிக் கழிவுநீர்க் கான் ஓடுகிறது. அதன்மேல் போட்டிருந்த கொங்கிரீட் மூடி 2023 நடுப்பகுதியில் இரண்டாக உடைந்து உள்ளே விழுந்தது. அந்த வருடம் மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல், பணமில்லை என்று நிறுத்தப்பட்டிருந்தது. மார்ச் 19ஆம் திகதியோடு சபைகளின் காலமும் முடிந்து போயிருந்தது. மெம்பர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதிகாரிகள்தான் நிர்வாகம்.

மூடிக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று தரம் போனேன். முதல் தரம் சிங்களத்தில் ஒரு படிவம் தந்தார்கள். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், நிரப்பிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு வராது, அவர் தனியாகப் போயிருந்தால் படிவத்தோடேயே திரும்பி வந்திருப்பார். இரண்டாம் தரம் போனபோது படிவத்தைக் காணவில்லை. மூன்றாம் தரம், "அது வேறு பிரிவு" என்றார்கள். கடைசியில் யாரோ வீடு திருத்தும்போது கழற்றிய பழைய பலகைக் கதவைக் கொண்டுவந்து கானுக்குக் குறுக்கே போட்டோம். பூட்டுத் துளைகூட அப்படியே இருந்தது. மழை நாளில் பிள்ளைகள் அதன்மேல் கால் வைத்துத் தண்ணீர்க் குடத்தோடு தாண்டுவதைப் பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டு வருடம் அந்தக் கதவில்தான் நடந்தோம்.

அதற்கு முன்பிருந்த வட்டார மெம்பர் சிங்களவர். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். ஆனால் காலையில் எங்கள் மூலைக் கடைக்குப் பாண் வாங்க வருவார். அங்கே வைத்துப் பிடித்துவிடலாம். ஒருமுறை கான் அடைத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது, காற்சட்டையை மடித்துக்கொண்டு எங்களோடு முழங்கால் தண்ணீரில் நின்றார். ஆட்கள் வந்து கானைத் தோண்டும்வரை அவர் போகவில்லை. அதே காலத்தில், எங்கள் பகுதிக்கும் தாங்கள்தான் என்று, வட்டாரத்தில் வெல்லாமல் கட்சிப் பட்டியலில் வந்த இருவரின் படம் சுவரொட்டியில் இருந்தது. தொலைபேசியில் அழைத்தால், "உங்கள் வட்டார மெம்பரிடம் சொல்லுங்கள்" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த ஒழுங்கைக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பதவியைச் சட்டமே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். கொழும்பு மாநகர சபை சட்டப்படி 110 பேர் கொண்டது. வட்டாரங்களில் வென்று வருபவர்கள் 66, கட்சிகளின் வாக்கு விகிதத்தை ஈடு செய்யப் பட்டியலிலிருந்து வருபவர்கள் 44. ஒரு கட்சி தன் வாக்கு விகிதத்தைவிடக் கூடுதலான வட்டாரங்களை வென்றுவிட்டால், அந்த மிகுதி சபையின் தொகையோடு சேரும். அப்படித்தான் 2018இல் 119 ஆனது, 2025இல் 117 ஆனது. வட்டாரத்தில் வந்தவர்கள் அப்போதும் அதே 66 பேர்தான். கூடிப்போன ஆட்கள் எங்கள் ஒழுங்கைகளிலிருந்து வந்தவர்கள் இல்லை, பட்டியலில் வந்தவர்கள். குறைக்க வேண்டிய இடமும் அதுதான்.

2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் வட்டாரத்துக்கு 70, பட்டியலுக்கு 30 என்றுதான் இருந்தது. 2017இல் 60க்கு 40 ஆக்கினார்கள். பழைய விகிதத்துக்குத் திரும்பி, இதே 66 வட்டார உறுப்பினர்களை வைத்துக்கொண்டால் சபை 94 பேரோடு நிற்கும். 23 பேர் குறைவார்கள். ஒரு கோட்டையும் அழிக்க வேண்டியதில்லை. மிகுதி ஆசனங்களையும் தொகையில் ஏற்றாமல் பட்டியல் பங்குக்குள்ளேயே ஈடு செய்யுங்கள்.

பட்டியலையே எடுத்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெள்ளவத்தையில் இருப்பவரும் மட்டக்குளியில் இருப்பவரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தும் எந்த வட்டாரத்திலும் வெல்ல முடியாமல் போகலாம். அந்த வாக்குகள் சபைக்குள் வரப் பட்டியல்தான் வழி. பெண்களின் கதையும் அதுவே. 25 வீத ஒதுக்கீடு வருவதற்கு முன், நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. ஆனால் வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்கள் இருந்தால் போதும், மேலதிகப் பட்டியல் என்கிற கட்சிப் பட்டியலில் பாதி இருக்கட்டும் என்று எழுதியபோதே பெண்களைப் பட்டியல் பக்கம் தள்ளிவிட்டார்கள். பட்டியலைச் சுருக்கும்போது இந்த 10 வீதத்தை 25 ஆக்குங்கள். குழாயடியில் நிற்பவர்கள் பெண்கள்தான். கானையும் குப்பையையும் பற்றி எங்களைவிடத் தெரிந்தவர்கள் யார்?

பெரும்பான்மை கிடைக்காமல் சபைகள் இழுபடுவதற்கும் எண்ணிக்கைதான் காரணம் என்கிறார்கள். 2025இல் முதலிடம் வந்த தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 117இல் 48. அதே வாக்குகளை 60 பேர் கொண்ட சபைக்குப் பங்கிட்டாலும் பாதியைத் தொடாது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வட்டாரங்களைச் சேர்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கப் போவதையும் சொல்லியாக வேண்டும். பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தரலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. தொகையில் சிறியவர்களுக்கும் ஒரு குரல் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில் வைத்த ஏற்பாடு அது. இரண்டு வட்டாரங்களை ஒன்றாக்கி ஒருவரை வைத்தால் தோட்டத்து வாக்கு மாடிவீட்டு வாக்குக்குள் காணாமல் போகும். வெல்பவருக்கு எங்கள் வாசலுக்கு வர வேண்டிய தேவையே இருக்காது.

எல்லைகளில் கை வைத்தே ஆக வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால் ஒன்று கேட்கிறேன். புதிய வரைபடத்தை வர்த்தமானியில் மட்டும் போடாதீர்கள். கிராம சேவகர் அலுவலகத்திலும், கோவில், பள்ளிவாசல், தேவாலய வாசல்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள், ஒழுங்கைகளின் பெயரோடு. ஆட்சேபம் சொல்ல ஒரு மாதமாவது கொடுங்கள். தமிழில் எழுதியதற்குத் தமிழில் பதில் தாருங்கள்.

2025 மே 6ஆம் திகதி நாங்கள் வாக்களித்தோம். புதிய வட்டார மெம்பர் பதவியேற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தக் கதவைத் தன் கையாலேயே தூக்கிப் பார்த்தார். அடுத்த மாதம் புது மூடி வந்தது. கதவை ஆச்சி தன் வீட்டுச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறார், எறிய விடமாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாக்காளர்