காய்ச்சல் விட்டா சந்தோஷப்படாதே

மாப்ள,

ஆறு மாசமா ஒரு வரி எழுதாதவனுக்கு இப்ப என்ன அக்கறைன்னு கேப்ப. கேளு. நேத்து உன் சிங்கப்பூர் நம்பருக்கு அடிச்சா உன் ரூம் பட்டுக்கோட்டை அண்ணன் எடுத்து உனக்கு டெங்குன்னார். ஓடி போயிடும்னு ரெண்டு நாள் காய்ச்சலோட வேலைக்கு லாரி ஏறினியாமே, கஞ்சப்பயலே!

கஞ்சிக்கு ஒருத்தர், துணி துவைக்க ஒருத்தர், தேக்கா மார்க்கெட்ல இருந்து இளநீர் தூக்கிட்டு வர ஒருத்தர்னு ரூமே உன்னைத் தாங்குதாம். பெத்தவ கூட இவ்வளவு செய்ய மாட்டா. ஆனா பன்னிரண்டு பேர் பாசத்துல ஒரு கோளாறு இருக்கு: ஆளுக்கொரு மாத்திரை கொடுப்பாங்க, யார் எப்ப கொடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதனால கட்டில்ல ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடச் சொல்லு. மணி, காய்ச்சல், மாத்திரை, குடிச்சது, மூத்திரம் போனது எல்லாம் அதுல ஏறணும். நைட் ஷிஃப்ட்டுக்குப் போறவர் அடுத்தவர் கையில நோட்டைக் கொடுத்துட்டுத்தான் போகணும். உன்னையும் மேல் கட்டில்ல இருந்து கீழே இறக்கச் சொல்லு.

பனடோல் 500 மில்லிகிராம்னா ஒரு வேளைக்கு ரெண்டு, ஆறு மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டவே கூடாது. சளி மாத்திரையிலயும் அதே பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்குல சேர்க்கணும். உடம்பு வலிக்குன்னு ஊர்ல இருந்து கொண்டுபோன டைக்ளோஃபினாக், புரூஃபன், ஆஸ்பிரின் எதையும் தொடாதே. தட்டணு, அதான் ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட், குறையுற நேரத்துல அதெல்லாம் ரத்தக்கசிவை இழுத்து விடும்.

வெறும் தண்ணியையே குடம் குடமா குடிச்சா ரத்தத்துல உப்பு இறங்கிடும். உப்புக் கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ் மாத்தி மாத்திக் குடி. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பீட்ரூட், மாதுளை வேண்டாம். வாந்தி எடுத்தா ரத்தமா ஜூஸான்னு தெரியாது. பப்பாளி இலைச் சாறு குடின்னு சொல்ற வாத்தியாரோட சண்டை போட எனக்குத் தெம்பில்ல. அதைக் குடிச்சுக் குமட்டுச்சுன்னா மட்டும் நிறுத்திடு, உள்ளே போன தண்ணியும் வெளியே வந்துடும்.

இப்ப விளையாட்டில்ல, மாப்ள. காய்ச்சல் எத்தனையாவது நாள்னு டாக்டரைப் பார்த்த அன்னைக்கிருந்து எண்ணாதே, முதல்ல சுட்ட நாள்ல இருந்து எண்ணு. மூணுல இருந்து ஏழாம் நாளுக்குள்ள காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். ரூம்ல எல்லாரும் அப்பாடான்னு வேலைக்குக் கிளம்பிடுவாங்க. அன்னைக்குத்தான் உன்னைத் தனியா விடக் கூடாது. ரத்தக்குழாய்ச் சுவர் வழியா ரத்தத்தோட நீர்ப்பகுதி கசியறது அப்பதான், 24 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரம் வரைக்கும். எல்லாரும் தட்டணு எவ்வளவுன்னுதான் கேப்பாங்க, நீ ஹீமட்டோக்ரிட்டையும் கேளு, அதான் ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு. 40 இருந்தது 48 ஆச்சுன்னா நீர் கசிஞ்சு மிச்ச ரத்தம் கெட்டியாகுதுன்னு அர்த்தம்.

வயித்துல விடாத வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், கறுப்பா மலம், ஜில்லுன்னு பிசுபிசுக்கிற கை கால், ஆறு மணி நேரமா மூத்திரம் இல்ல, காரணமில்லாத எரிச்சல், அசதித் தூக்கம் – இதுல ஒண்ணு வந்தாலும் சூப்பர்வைசர் ஃபோன் எடுக்கட்டும்னு காத்திருக்காம 995-க்கு அடிச்சு ஆம்புலன்ஸ் கூப்பிடு. பிளாக் நம்பர், ரூம் நம்பரைக் கதவுல எழுதி ஒட்டுங்க, பதட்டத்துல மறந்துடும். செலவை நினைச்சு வாயை மூடிக்காதே. வொர்க் பர்மிட்காரனுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கிறது கம்பெனியோட சட்டக் கடமை. 2023 ஜூலையில இருந்து வருஷத்துக்குக் குறைஞ்சது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அந்தக் காப்பீடு கொடுக்கணும்.

கொசுவலை பகல்லயும் வேணும். இந்தக் கொசு பகல்ல கடிக்கிற ஜாதி. உன்னைக் கடிச்ச கொசு, கொஞ்ச நாள் கழிச்சு கஞ்சி வச்சுக் கொடுத்தவரைக் கடிச்சு அவருக்கும் டெங்குவை ஏத்தும்.

பசி எடுத்து, கை கால் அரிச்சா தேறிட்டேன்னு வச்சுக்க. அதுக்கப்புறம் வற்புறுத்திக் குடிக்க வேண்டாம். கசிஞ்ச நீர் ரத்தத்துக்கே திரும்பி வரும், மேல மேல ஊத்தினா மூச்சு முட்டும்.

அம்மாகிட்ட சளின்னுதான் சொல்லி வச்சிருக்கேன், நீ உளறிடாதே. நாளைக்கு எடுக்கிற ரிப்போர்ட்டை போட்டோ புடிச்சு அனுப்பு. போன தடவை மாதிரி பாதியை விரலால மறைச்சு இல்ல, ஹீமட்டோக்ரிட் வரி தெரியணும்.

உன்,
மொட்டை