மதிப்பாய்வாளர் தணிக்கையாளர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் தங்கள் இலாபக் கணக்கில் செய்யும் ஒப்பனைகளைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். அதில் எடுத்துக்காட்டப்பட்ட வெளிநாட்டு ஆய்வு ஒன்றைப் பற்றி, அது சர்வதேச நிபுணர்களால் 'சரிபார்க்கப்பட்டுச் சான்றளிக்கப்பட்ட' ஆய்வு என்று எழுதியிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வணிகவியல் கற்பித்தவன் நான். அதில் பாதிக் காலம் கணக்கியல் ஆய்விதழ்களுக்கு மதிப்பாய்வாளராகவும், அதாவது வந்த கட்டுரைகளை வெளியிடும் முன் படித்துக் கருத்துச் சொல்பவராகவும், இருந்திருக்கிறேன். சரிபார்ப்பு, சான்று என்ற இரண்டு சொற்களுக்கும் எங்கள் துறையில் குறிப்பிட்ட பொருள் உண்டு. ஓர் ஆய்விதழின் மதிப்பாய்வாளர் அவ்விரண்டில் எதையும் செய்வதில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கணக்கியல் சங்கம் 1926 முதல் நடத்திவரும் 'தி அக்கவுண்டிங் ரிவ்யூ' போன்ற முன்னணி இதழுக்கு ஒருவர் கட்டுரை அனுப்ப வேண்டுமானால், அனுப்பும்போதே சில நூறு டாலர் கட்டணம் கட்ட வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்டாலும் படாவிட்டாலும் இது உண்டு. ஆசிரியர் குழுவில் ஒருவர் முதலில் படித்துப் பார்ப்பார். இதழுக்குப் பொருந்தாதது, கேள்வியிலேயே வலு இல்லாதது என்று பட்டால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுவார். தேறியதை, பெரும்பாலும் எங்களைப் போன்ற மதிப்பாய்வாளர்கள் இரண்டு பேரிடம், எழுதியவர் பெயரை நீக்கி அனுப்புவார். எங்கள் பெயரும் எழுதியவருக்குத் தெரியாது. இப்படி இருபுறமும் திரை போட்டிருந்தாலும், வரைவை முன்கூட்டியே இணையத்தில் போட்டுவைக்கும் வழக்கம் கணக்கியலில் வேரூன்றிவிட்டதால், தலைப்பைத் தேடினாலே எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். தேடக் கூடாது என்பது நேர்மை. எல்லோரும் தேடாமல் இருக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் அறிக்கைகளைப் படித்து, ஏற்பதா, மறுப்பதா, திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்வதா என்று முடிவு செய்பவர் இதழாசிரியர்தான். நாங்கள் சொல்வது பரிந்துரை மட்டுமே. முதல் சுற்றிலேயே ஏற்கப்படுவது அநேகமாக இல்லை. இரண்டு மூன்று சுற்றுகள், சில வேளைகளில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

இத்தனை காலம் எடுத்துக்கொண்டு நாங்கள் பார்ப்பதுதான் என்ன? கேள்வி புதியதா, அதற்கு முன்பு எழுதப்பட்டவற்றை இவர் படித்திருக்கிறாரா, எடுத்துக்கொண்ட அளவீடு அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா, காரணம் என்று இவர் சொல்வது காரணம்தானா அல்லது கூடவே வந்த ஒன்றா என்றெல்லாம் பார்க்கிறோம். தணிக்கைக் கட்டணம் கூடிய நிறுவனங்களில் கணக்கின் தரமும் கூடியிருக்கிறது என்று ஒருவர் எழுதினால், பெரிய நிறுவனம் இரண்டுக்குமே காரணமாக இருக்கலாமே என்று கேட்பது எங்கள் வேலை. அட்டவணையில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நம்பிக்கையின் பேரில் எடுத்துக்கொள்கிறோம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு, சிறு பின்னலாடை நிறுவனங்கள் நடைமுறை மூலதனத்தை எப்படிக் கையாளுகின்றன என்ற கட்டுரை ஒன்று என்னிடம் மதிப்பாய்வுக்கு வந்தது. 60 உரிமையாளர்களிடம் வினாப்படிவம் கொடுத்துப் பெற்ற தரவு. மூன்றாம் அட்டவணையில், கடன் வசூலுக்குத் தனிப் பதிவேடு வைத்திருப்போர் 37.2 விழுக்காடு என்று இருந்தது. பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டேன். 60 பேரில் 22 பேர் என்றால் 36.7, 23 பேர் என்றால் 38.3. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் கிடையாது. இந்த எண் வரவே முடியாது என்று அறிக்கையில் எழுதினேன். அடுத்த சுற்றில் பதில் வந்தது: 17 பேர் அந்தக் கேள்வியை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள், மீதி 43 பேரில் 16 பேர் ஆம் என்று சொன்னது 37.2 விழுக்காடு. உண்மைதான். ஆனால் அந்த விடுபட்ட 17 பேரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பதிவேடு வைத்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு நாலில் ஒருவருக்கு மேல் பதில் சொல்லாமல் நழுவியதுதான் அந்த ஆய்விலேயே கவனிக்க வேண்டிய செய்தி என்பது என் எண்ணம். கட்டுரையாளர் அதை ஒத்துக்கொண்டு திருத்தி எழுதினார்.

இதை என் சாமர்த்தியத்துக்குச் சான்றாகச் சொல்லவில்லை. நேர்மையாகத் தரவு திரட்டிய ஒருவரின் கவனக்குறைவை நான் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான். வினாப்படிவமே கொடுக்காமல், வீட்டில் உட்கார்ந்துகொண்டு, 36.7 என்று ஒருவர் அழகாக எழுதி அனுப்பியிருந்தால், என் பென்சில் தலையாட்டிவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போயிருக்கும்.

அப்படி நடந்ததும் உண்டு. கணக்கில் மோசடி நடந்திருந்தால் எங்கே ஒளிந்திருக்கும் என்று தணிக்கைக் குழுவினர் கூடிப் பேசி யோசிப்பதில் எந்த முறை சிறந்தது என்பதைப் பற்றிய கட்டுரை ஒன்றை, பென்ட்லி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹன்டன் இன்னொருவருடன் சேர்ந்து 2010-இல் 'தி அக்கவுண்டிங் ரிவ்யூ'வில் வெளியிட்டார். ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைகள் 150-இல் நடத்திய சோதனை என்று அதில் இருந்தது. மதிப்பாய்வாளர்கள் படித்தார்கள், இதழாசிரியர் ஏற்றார், கட்டுரை அச்சேறியது. அமெரிக்காவுக்குள் அத்தனை கிளைகள் எந்த நிறுவனத்துக்கு இருக்கின்றன என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது. வெளிநாட்டுக் கிளைகளும் அதில் சேர்ந்தவை என்று விளக்கம் வந்தது. ஆதாரம் கேட்டபோது கிடைக்கவில்லை. நிறுவனத்துக்கு இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருப்பதால் பெயர் சொல்ல முடியாது என்பது ஹன்டனின் நிலைப்பாடு. 2012-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் பதவி விலகினார். 2014-இல் பல்கலைக்கழகத்தின் விசாரணை, இந்தக் கட்டுரையிலும் வேறொரு கட்டுரையிலும் அவர் ஆய்வுநெறி பிறழ்ந்தார் என்று முடிவு செய்தது. உடன் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்ததற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய கட்டுரைகளில் திரும்பப் பெறப்பட்டவை மொத்தம் முப்பதுக்கும் மேல்.

மோசடியைக் கண்டுபிடிப்பது பற்றிய கட்டுரையிலேயே இப்படி நேர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் சங்கடமும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் அந்த மதிப்பாய்வாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடி விவகாரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதன் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று கடிதம் எழுதியபோது, நாம் தணிக்கையாளர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டோம். கேட்டது நியாயம். வங்கிக்குத் தானே நேரடியாக எழுதி இருப்பை உறுதி செய்துகொள்வது தணிக்கையாளரின் கடமை; அதை அவர்கள் கம்பெனியின் கைக்கே விட்டிருந்தார்கள் என்பது பின்னர் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகளின் நடவடிக்கையில் வெளிப்பட்டது. அவர்களுக்குக் கட்டணம் உண்டு, சான்றுச்சீட்டைக் கேட்டு வாங்கும் சட்ட உரிமை உண்டு, தவறினால் தண்டனையும் உண்டு. மதிப்பாய்வாளருக்கு இவற்றில் எதுவும் இல்லை. கல்லூரி வேலை முடிந்து இரவில், பெரும்பாலும் ஊதியமில்லாமல், யாரோ ஒருவரின் முப்பது நாற்பது பக்கங்களைப் படிக்கிறவர் அவர். நிரப்பிய வினாப்படிவக் கட்டு அவர் மேசைக்கு வருவதே இல்லை.

ஹன்டன் விவகாரத்துக்குப் பிறகு இதழ்கள் சும்மா இருக்கவில்லை. தரவைக் கையாண்டவர் யார், அது எப்படித் திரட்டப்பட்டது என்பதை எழுத்தில் உறுதிசெய்யச் சொல்கிறார்கள். சிகாகோவிலிருந்து 1963 முதல் வரும் 'ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்', கணக்கிடப் பயன்படுத்திய கணினி நிரலையும் கேட்டு வாங்குகிறது. அந்த இதழ் 2017-இல் தன் ஆண்டு மாநாட்டுக்காக வேறொரு முறையையும் சோதித்துப் பார்த்தது: தரவு திரட்டுவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தை மட்டும் மதிப்பாய்வு செய்து, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதாக ஒப்புக்கொள்வது. எதிர்பார்த்த முடிவு வரும்வரை எண்களைத் திருகும் ஆசையை இது குறைக்கும் என்பதால் எனக்கு இது பிடித்த ஏற்பாடு. ஆனாலும் தரவு மெய்யா என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

இத்தனையும் ஒழுங்காக நடக்கும் இதழ்களின் கதை. பணம் கட்டினால் 48 மணி நேரத்தில் ஏற்பு என்று என் கைபேசிக்கு வாரந்தோறும் செய்தி அனுப்பும் இதழ்களும் தங்களை மதிப்பாய்வு இதழ்கள் என்றே சொல்லிக்கொள்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் ஒரே மூச்சில் 4,305 இதழ்களைத் தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்ததைத் தங்கள் நாளிதழும் செய்தியாக்கியிருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை ஆய்வு ஒன்றை மேற்கோள் காட்டும்போது 'சரிபார்க்கப்பட்ட' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'துறை வல்லுநர்கள் இருவர் படித்து ஏற்ற' என்று எழுதலாம். இடம் இருந்தால், தரவு யாரிடமிருந்து பெறப்பட்டது, அதை வேறு ஒருவர் கேட்டு வாங்கிப் பார்க்க முடியுமா என்ற இரண்டு விவரங்களையும் ஒரு வரியில் சேர்க்கலாம். தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் உள்ள ஆய்வுக்கு அவ்விரண்டு விவரங்களையும் தேடிப் பார்த்தேன். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் வெளியிட்ட ஆண்டறிக்கைகளிலிருந்து எடுத்தது. யார் வேண்டுமானாலும் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அதை எழுதியிருந்தால் 'சான்றளிக்கப்பட்ட' என்ற சொல்லுக்கு அங்கே தேவையே இருந்திருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர்,
கோயம்புத்தூர்.