ஆளில்லாத வீட்டுத் தோட்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்கு மண்வெட்டியைத்தான் குறை சொல்ல வேண்டும். போன வாரம் முழுக்க ஸ்பெயின் வீட்டில் குழி வெட்டிவிட்டுத் திரும்பினேன். பேனாவைப் பிடிக்க விரல்கள் இன்றுதான் சம்மதித்தன. விடுமுறைக்கென்று வீடு வாங்கிவிட்டேன், இனி சாய்வு நாற்காலிதான் என்று உன்னிடம் பெருமையடித்தவன் நான். நீ மறந்திருக்க மாட்டாய்.

தோட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எந்தத் தோட்டம்? முதல் தோட்டம் செத்துப்போய் ஒரு வருடம் ஆகிறது.

போன வருடம் ஜூலையில் சாவி கைக்கு வந்த மூன்றாம் நாளே நர்சரிக்குப் போனோம். அன்றைக்கு எதெல்லாம் பூத்துக் கண்ணைப் பறித்ததோ அதையெல்லாம் வண்டியில் ஏற்றினோம். ஹைட்ரேஞ்சியா, கார்டினியா, செம்பருத்தி. இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். கிளம்பும்போது சொட்டுநீர்க் குழாயில் பேட்டரியில் ஓடும் டைமர் ஒன்றை மாட்டி, எல்லாம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அக்டோபரில் கதவைத் திறந்தால் வரிசையாகக் குச்சிகள் நிற்கின்றன. பேட்டரி எப்போது தீர்ந்ததோ. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

பழியெல்லாம் பேட்டரிமேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு பிடி மண் எடுத்து அதன்மேல் வினிகரை ஊற்றினேன். சோடா மாதிரி பொங்கியது. சுண்ணாம்பு மண். கார்டினியா அமில மண்ணைத் தேடுகிற செடி. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை உறிஞ்ச முடியாமல் இலை வெளுத்து மஞ்சளாகிவிடும். டைமர் ஒழுங்காக ஓடியிருந்தால் சாவு கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

விஷயத்தைப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி அரைகுறை. குச்சிகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சுவர்க் காலண்டரில் ஜூலையைக் காட்டிக் கழுத்தை அறுப்பது போல் சைகை செய்தார். அப்புறம் தாளைப் புரட்டி நவம்பரில் விரலை வைத்துச் சிரித்தார்.

வீடு இருக்கும் அந்தக் கடற்கரையில் மழை குளிர்காலத்தில்தான். கோடையில் மூன்று நான்கு மாதம் வானம் கையை விரித்துவிடும். வெயிலும் வறட்சியும் சேர்ந்தே வருகிற இப்படிப்பட்ட பருவம், மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளை விட்டால், கலிஃபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தெற்கு, தென்மேற்கு ஓரங்கள் ஆகியவற்றில்தான் உண்டு. அங்கே உள்ள செடிகள் பலவும் கோடையில்தான் தூங்கும். மழை தொடங்கும்போது நட்டால், குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் சத்தமில்லாமல் வேர் விட்டு, கோடை வரும்போது தயாராக இருக்கும். நாங்களோ தூங்குகிற நேரத்தில் எழுப்பி நட்டுவைத்தோம்.

இந்த முறை நவம்பரில் போனோம். பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, பள்ளி விடுமுறையைப் பார்த்துக் கிளம்ப வேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது. அப்படியும் ஜூலையில்தான் போக வேண்டும் என்று ஏன் நினைத்துக்கொண்டிருந்தோமோ! லாவெண்டர், ரோஸ்மேரி, ஒரு மாதுளை, ஒரு அத்தி. எல்லாமே ஒரு சாண் செடிகள். பெரிய மரமாக வாங்கினால் தொட்டிக்குள் சுருண்ட வேரோடு வந்து வருடக்கணக்கில் தண்ணீர் கேட்கும் என்று பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். ஒவ்வொன்றையும் சுற்றி அகலமாக வட்டப் பாத்தி. முதல் கோடையில் மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாத்தி நிறைய, 20 லிட்டர் போல ஊற்ற வேண்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் வேர் மேலேயே சோம்பேறியாக உட்கார்ந்துவிடுமாம். பெரியவரே ஊற்றுவதாக ஒப்புக்கொண்டார். கூலியாக எங்கள் எலுமிச்சை மரத்தின் காய் முழுவதும் அவருக்கு. அவர் தரப்பில் நல்ல பேரம்.

நட்ட இடம் முழுக்கச் சரளைக்கல்லால் மூடாக்குப் போட்டோம். என் முதுகு இன்னும் அதை மறக்கவில்லை. இங்கிலாந்தில், மழை குறைந்த எசெக்ஸ் பகுதியில், பெத் சாட்டோ என்ற தோட்டக்காரர் 1990களின் தொடக்கத்தில் ஒரு பழைய கார் நிறுத்துமிடத்தைச் சரளைத் தோட்டமாக்கி, செடிகள் வேர் பிடித்தபின் தண்ணீரே ஊற்றாமல் வளர்த்துக் காட்டினார். அந்தத் தைரியத்தில்தான் நானும் இறங்கினேன். தொட்டிகள் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று முடிவு. ஆளில்லாத வீட்டில் தொட்டிச் செடிதான் முதலில் காயும். மழை பெய்தால் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரில் புலிக்கொசு குடித்தனம் நடத்தும்.

வரும்போது உன் வீட்டு அரளியில் ஒரு கம்பு வெட்டி வருவதாக எழுதியிருக்கிறாய். ஆசையாக எழுதியிருக்கிறாய், ஆனால் வேண்டாம் நண்பா. 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுச் செடி, விதை எது வந்தாலும், கைப்பையில் வந்தால்கூட, தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் விடுவது அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியான் என்ற ஐந்து பழங்களை மட்டுமே. கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. சைலெல்லா என்ற பாக்டீரியா மரத்தின் நீர்க்குழல்களை அடைத்துவிடும். இத்தாலியின் புலியா பகுதியில் 2013இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே லட்சக்கணக்கான ஆலிவ் மரங்கள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. அரளியிலும் அது தங்கும்.

இன்னொன்று, அரளிக்கு அந்த மண்ணே சொந்த மண். வறண்ட ஆற்றுப் படுகைகளில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல், இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். ஜூலையில் அந்த ஆற்றைத் தாண்டித்தான் நர்சரிக்குப் போனேன். திரும்பியும் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இவ்வளவு செய்து நட்ட லாவெண்டரும் ரோஸ்மேரியும் வசந்தத்தில் பூக்கும்போது நாங்கள் அங்கே இருக்க மாட்டோம் என்பதை வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். மனைவி அப்போதே யோசித்துவிட்டாளாம். நேற்று மே மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். உனக்கும் சேர்த்து ஒன்று போடட்டுமா? கம்பு, விதை எதுவும் இல்லாமல் வா. சேறானாலும் கவலைப்படாத ஒரு ஜோடி பழைய செருப்பு போதும், களை காத்துக்கொண்டிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்